ஸாண்ட்ரே நார்ஹைம் சரிதம்

மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியையே பனியெனக் கொள்ளும் நம்மனோர்க்கு, திங்கள் பலவாகக் கூரையையும் வேலியையும் மூடிக் கிடக்கும் வெண்பனியை மனத்தாற் காண்டலும் எளிதன்று. நார்வே தேசத்தின் தென்பாலுள்ள டெலிமார்க் மலைநாடு அத்தகையது. அங்கே மாரிக்காலத்தில் வழிச்செல்வோர், இரு கால்களிலும் நீண்ட மரப்பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியின்மேல் வழுக்கிச் செல்வர். பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய அவ்வழக்கத்தை அரியதொரு வித்தையாக உயர்த்தியவர் ஸாண்ட்ரே நார்ஹைம்.

இவர் 1825-ஆம் வருஷம் ஜூன் மாதம் 10-ஆம் தேதி, மோர்கெடால் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சொந்த நிலமில்லாதவர், பிறர் நிலத்திற் குடிசையமைத்து, அதற்கு ஈடாக உழைத்துப் பிழைத்தவர். 1854-இல் ரன்னை என்பாரை மணந்தார். மக்களும் பெருகினர், வறுமையும் உடன் பெருகிற்று. எனினும், புதுப்பனி விழுந்ததென்றால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுப் பலகையும் தாமுமாக மலைச்சரிவிற்கு ஓடிவிடுவாராம். இல்லாளின் பாடு யாதாயிருக்கும் என்பதைச் சரிதமெழுதுவோர் அதிகமாக ஆராய்ந்திலர்.

இராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோயில் மலைச்சரிவில் இறங்கிப் பழகியவர், ஏறுதலினும் இறங்குதலே காலுக்குக் கொடிதென்பதை அறிவர். வழுக்கும் பலகையோடு இறங்குவோன் நிலை பின்னும் கொடிது. பழைய பலகைகளில் விரற்பக்கத்தில் மட்டும் ஒரு வார் இருந்தது. சமநிலத்தில் நேரே செல்வதற்கு அது போதும். குதித்தாலும் வளைந்து திரும்பினாலும் பலகை கழன்று, ஏறியவனைக் கைவிட்டுத் தானே பள்ளத்திற்கு ஓடிவிடும். நார்ஹைம் வளையத்தக்க வேர்களை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிப் பிணித்தார். இதனாற் குதிகால் மேலெழும். ஆயினும் பலகை காலை விட்டகலாது. குதிகாலை இறுக ஆணியடித்தாற்போலப் பூட்டாமலும், முற்றும் விட்டுவிடாமலும் அமைத்த இந்த நடுநிலையிலேதான் அவருடைய வித்தை முழுதும் அடங்கிற்று. பலகையையும் உடுக்கைபோல இடை சிறுத்து, முன்னும் பின்னும் அகலுமாறு இழைத்தார். அது சாய்ந்தபோது விளிம்பே வில்லாக வளைந்து திருப்பத்திற்கு வழிகாட்டும். ஒரு காலை முன்வைத்து, மற்றதன் முழங்காலை மடக்கிக் குதிகாலைத் தூக்கித் திரும்பும் முறைக்கு அவர் நாட்டின் பெயரே வழங்கலாயிற்று.

1868-இல் கிறிஸ்டியானியா நகரத்தில் (இந்நாளில் அது ஆஸ்லோ) பெரும் பந்தயம் ஒன்று நடந்தது. நாற்பத்திரண்டு வயதான நார்ஹைம் பலகை பூட்டியே அங்குச் சென்றார். அத்தூரம் 100 மைலுக்கு மேற்பட்டது. இராஜபாளையத்தினின்று மதுரைக்குப் போய் மீளுதலினும் மிகுதி. சென்றதோடன்றி வெற்றியும் பெற்றார். நகரத்தார் வியந்தனர். அவருக்குப் பின் அவ்வூரினரான ஹெம்மெஸ்ட்வைட் சகோதரர் இருவர் அந்நகரிலேயே இவ்வித்தையைப் பயிற்றுவித்தனர்.

அவர் தொடங்கிய பிணிப்பு ஆராய்ச்சி அவரோடு முடிந்ததன்று. 1927-இல் புரோர் வித் என்பவர், பாதரட்சையின் முனையை மட்டும் கவ்வும் உலோகப் பிணிப்பை அமைத்தார். அதற்கு எலிப்பொறி என்பதே பெயர். பிற்காலத்தார் அத்தகைய பிணிப்புடைய ஒடுங்கிய பலகைகளில் செங்குத்தான சரிவுகளில் இறங்கப் புகுந்தபோது புதியதோர் இடர் தோன்றிற்று. பலகையினும் பாதரட்சை அகன்றது. ஆதலின் பலகையைச் சாய்த்தவுடன் ரட்சையின் ஓரம் முன்னே பனியில் உராயும், விளிம்பு பிடியிழக்கும், ஏறியவன் வீழ்வான். இதற்குப் பரிகாரமாகப் பிணிப்பின் அடியில் ஒரு சிறு கட்டையை வைத்துப் பாதத்தை உயர்த்தினர். முன்னோர் சேற்றுக்கு மேலாகப் பாதக்குறட்டில் நின்றதை ஒக்கும் இது. உயரத்தால் ரட்சை உராய்வதில்லை. விளிம்பைச் சாய்க்கும் விசையும் மிகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் கண்டோர்க்கு, சக்கரத்தடியிலிடும் ஒரு கட்டை எத்துணைப் பெரிய தேரையும் வழிதிருப்பும் என்பது புதிதன்று. ஆயினும் கட்டை அளவுக்கு மிஞ்சினால் ஒடுங்கிய பலகை தள்ளாடும், கணுக்கால் நோகும், திருகாணிகளும் பிடுங்கிக்கொள்ளும். ஆகையால் விரற்கிடை அளவோடு அமைவாரே பலர்.

நார்ஹைமுக்குப் புகழ் சோறிடவில்லை. 1884-இல், ஐம்பத்தெட்டு வயது கடந்தபின், மனைவியோடும் இளைய மக்களோடும் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். முதலில் மின்னஸோட்டாவிலும் பின்னர் டகோட்டாச் சமவெளியிலும் வாழ்ந்தார். பனிக்கு அங்கே குறைவில்லை, குன்றுதான் இல்லை. சரிவையே உயிரெனக் கருதியவருக்கு வாய்த்தது, கண்ணெட்டுமளவும் பலகைபோற் கிடந்த பூமி. ஆயினும் தம் பலகைகளை வாயிற்புறத்திலேயே சாத்தி வைத்திருந்தாராம்.

1897-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ஆம் தேதி அவர் காலமானார். டென்பி என்னும் ஊர்க்கருகே அடக்கம் செய்யப்பெற்ற இடம் நெடுங்காலம் பெயர்க்கல்லின்றியே கிடந்தது. 1952-இல் ஆஸ்லோவில் மாரிக்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, மோர்கெடாலில் அவர் பிறந்த குடிசையின் அடுப்பிலேயே தீபமேற்றினர். பலகை பூட்டிய வீரர்கள் ஒருவர் கையினின்று ஒருவர் வாங்கி, அவர் முன்னாளிற் சென்ற அத்தலைநகரத்திற்கே அதனைக் கொண்டு சென்றனர்.