பதிவேட்டில் இருந்த பெயரை மாற்றிய எம்.சி. ராஜா

பிறப்புச் சான்றிதழைப் பிள்ளை பிறந்த அன்றைக்கு யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பள்ளியில் சேர்க்கப் போகும்போதுதான் அப்பா பெயரின் கடைசி எழுத்துகள் தப்பாக இருப்பது தெரியும். முனுசாமி என்பவர் முனியன் ஆகியிருப்பார். கருப்பையா என்பவர் கருப்பன் ஆகியிருப்பார். அப்புறம் மனு, நகல், நடை. இதெல்லாம் கைத்தவறு என்று சொல்லிவிட முடியாது. சேரிக்காரனுக்குச் சாமியும் ஐயாவும் எதற்கு என்று நினைத்த கைகள் ஒரு காலத்தில் கணக்கு எழுதின. நம் தாத்தாக்கள் பலருடைய பெயர் அப்படித்தான் ஏட்டில் குறுகியது.

ஒரு மனிதரின் பெயரைத் திருத்தவே இவ்வளவு அலைச்சல். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே அரசாங்க ஏடுகளில் திருத்த வைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் எம்.சி. ராஜா.

1883-ஆம் ஆண்டு ஜூன் 17-இல் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். தந்தை மயிலை சின்னத்தம்பி பிள்ளை. எம் என்பது மயிலை, சி என்பது சின்னத்தம்பி. அப்பா பெயரின் பின்னால் நின்ற பிள்ளை என்ற சொல் மகனின் பெயரோடு வரவில்லை. உலகம் அவரை எம்.சி. ராஜா என்றே அறிந்தது. ராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றார். ஆசிரியர் வேலைக்குப் போனார். பாடநூல்களும் எழுதினார்.

அந்தக் காலத்து ஆசிரியருக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பையனின் பெயர், தகப்பன் பெயர், அதற்கடுத்த கட்டத்தில் சாதி. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தில் பறையன் என்றோ பஞ்சமன் என்றோ விழும். தமிழ் இலக்கணம் படிக்கிற மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன் விகுதி ஆண்பால் ஒருமைக்கு உரியது. அர் விகுதி பலர்பாலுக்கு உரியது, மரியாதைக்கும் அதுதான். ஊர்த்தெருக்காரர்கள் ஏட்டில் அர் போட்டு எழுதப்பட்டார்கள். சேரிக்காரர்கள் அன் போட்டு எழுதப்பட்டார்கள். பஞ்சமன் என்றால் ஐந்தாமவன், நான்கு வருணத்துக்கும் வெளியே நிற்பவன் என்று பொருள். பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும் முதல் நாளே ஒரு குழந்தையின் பெயரோடு இது ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பெயர்ச் சண்டையை ராஜா தொடங்கி வைக்கவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்த 1891-இல், நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டில், பறையர் என்று சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை தீர்மானங்களில் ஒன்றாக இருந்தது. அயோத்திதாசரே காத்தவராயன் என்ற தன் பெயரை விட்டு, ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர். ரெட்டமலை சீனிவாசன் வேறு வழியில் போனார். 1893-இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்குப் பறையன் என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் வைகிறார்களோ அதையே தலைப்பில் நிமிர்த்தி வைப்போம் என்பது அவர் நினைப்பு. பெயரை உதறுவதா, அதே பெயரோடு தலைநிமிர்வதா? நம் முன்னோர்கள் இரண்டையும் செய்து பார்த்தவர்கள். என்னைக் கேட்டால், சீனிவாசனின் துணிச்சல் பத்திரிகைக்குப் பொருந்தியது, பள்ளிப் பதிவேட்டுக்குப் பொருந்தாது. ஏட்டில் எழுதுகிறவர் எந்த மனதோடு எழுதுகிறார் என்பது நம் கையில் இல்லையே.

ராஜா மூன்றாவது வழியைப் பிடித்தார். 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராக வந்தவர், ஆதிதிராவிடர் என்ற பெயரையே அரசு ஏற்க வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். இந்த மண்ணின் முதல் குடிகள் என்ற உரிமை அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 1920 தேர்தலுக்குப் பின் அமைந்த சென்னை சட்டசபையில் நீதிக்கட்சியின் பக்கம் உறுப்பினராக உட்கார்ந்தார். 1922 ஜனவரியில் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசாங்க ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கிவிட்டுத் தமிழ்ப் பகுதிகளில் ஆதிதிராவிடர் என்றும், தெலுங்குப் பகுதிகளில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும். சபை அதை ஏற்றது. மார்ச் 25-இல் 817-ஆம் எண் அரசாணை வந்தது. பள்ளியிலும் கச்சேரியிலும் பேனா பிடித்தவர்கள், விருப்பமோ இல்லையோ, புதிய சொல்லை எழுத வேண்டியதாயிற்று. கிராமத்து வாயிலிருந்து பழைய சொல் போகவில்லை. ஆனால் ஏட்டில் அது செல்லாது என்று காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடைத்தது.

அந்த வெற்றிக்கு முன்பே கட்சியோடு அவருக்குக் கசப்பு தொடங்கியிருந்தது. 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்கள் பேசிய பேச்சு அவருக்குப் பொறுக்கவில்லை. 1923-இல் கட்சியை விட்டு வெளியேறினார். 1925-இல், ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். 1927 முதல் பத்தாண்டுகள் தில்லியில் மத்திய சட்டசபை உறுப்பினராக இருந்தார். சைமன் கமிஷனோடு சேர்ந்து இயங்கிய இந்திய மத்தியக் குழுவிலும் இடம்பெற்றார்.

அவருடைய பெயரை நம்மில் பலர் இன்று உரக்கச் சொல்லாததற்கு 1932 ஒரு காரணம். அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டு வாதாடிக்கொண்டிருந்தபோது, ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேவோடு ஒப்பந்தம் செய்து, கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீடு போதும் என்றார். என் கணக்கில் அது பிழை. அதை மறைத்து அவருடைய வாழ்க்கையை எழுத முடியாது. அதை மட்டும் வைத்து அவரைத் தள்ளவும் முடியாது. தான் நம்பியவர்களைப் பற்றி அவரே பிறகு தெரிந்துகொண்டார்.

தெரிந்துகொண்டது 1938-இல். அதற்கு முந்தைய ஆண்டு சில மாதங்கள் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்துவிட்டுச் சென்னை சட்டமன்றத்துக்குள் வந்திருந்தார். பொது இடங்களில் தீண்டாமை காட்டுவதற்கு எதிராக அவர் கொண்டுவந்த மசோதா சட்டமானது. அடுத்துக் கோயில் நுழைவு மசோதாவை வைத்தார். முதலமைச்சர் ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். வாக்கெடுப்பு நடந்தது, மசோதா தோற்றது. 1942-இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, அதைச் சந்திக்க அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போனார்கள். பத்தாண்டுப் பிணக்கு அங்கே தீர்ந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20-இல், பிறந்த அதே பரங்கிமலையில் ராஜா காலமானார். சென்னைக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் சைதாப்பேட்டையில் தங்கும் அரசு விடுதிக்கு அவர் பெயர்தான்.

சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா சான்றில் ஆதிதிராவிடர் என்றும், உங்கள் சான்றில் பறையன் என்றும் இருந்தால் பதற வேண்டாம். பட்டியல் சாதிகளின் அரசுப் பட்டியலில் இரண்டும் தனித்தனிப் பெயர்களாக இருக்கின்றன, இரண்டுமே பட்டியல் சாதிதான். ஆனால் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. வேலைக்கான சரிபார்ப்பில் போய் நிற்கும்போது அலைய வேண்டியிருக்காது. பட்டியலைக் கையில் எடுத்தால் முழுவதும் வாசித்துப் பாருங்கள். பறையன், பள்ளன், சக்கிலியன் என்று அன் விகுதியோடுதான் அச்சாகியிருக்கும். ராஜா 1922-இல் நீக்கச் சொன்ன பஞ்சமர் என்ற பெயரும் அதில் ஒரு வரியாக இருக்கிறது.