ஒரு குரல் ஊர்க்குரல் ஆன கதை

ஊரோடு ஒத்துப் போ என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஊரே தப்பு செய்தால்? இந்தக் கேள்விக்கு வாழ்ந்து காட்டியே பதில் சொன்னவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே அனுமதித்ததால் சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான அவர், 1927-ல் துணைத் தலைவரும் ஆனார். அதே ஆண்டு, சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். பழமைவாதிகள் எதிர்த்தார்கள். அவர்கள் மட்டுமா? தேவதாசிகளிலேயே பலர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள்! காரணம் இருந்தது. ஊழியம் போனால் மானிய நிலமும் போய்விடும். அப்புறம் சோற்றுக்கு என்ன வழி? 1929-ல் வந்த சட்டத் திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்றது. வெறும் உபதேசமாக இருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

1930-ல் காந்தியடிகள் கைதானதும் பதவியைத் தூக்கி எறிந்தார். பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த பெண்களுக்குத் தங்க இடம் கிடைக்காதபோது, தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

சபைக்குள் அவர் பேசினார் என்றால், ஊர் ஊராக மேடை ஏறியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். தங்களில் ஒருத்தியே வந்து சொல்லும்போது அந்தப் பெண்கள் காது கொடுத்தார்கள். பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் கைகோத்தது. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 20 ஆண்டுகள்! அந்த 20 ஆண்டுகளில் மாறியது மனிதர்களின் மனசு. சட்டம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கிய அம்மையார், 1968-ல் மறைந்தார்.

அரசுப் பள்ளியிலிருந்து டிப்ளமோவுக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. அது தாங்கி நிற்பது மூவலூர் அம்மையாரின் பெயரைத்தான். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு லேத் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரே பேச்சை, சலிக்காமல், செய்து காட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தோழர்களே, தோழிகளே, முதல் குரல் எப்போதும் தனிக்குரல்தான். இரண்டாவது குரலாக நீங்கள் வருவீர்களா?