தொட்டுப் பார்க்கச் சொன்ன அம்மையார்

எதைக் கண்டாலும் தொட்டுப் பார்ப்பது குழந்தையின் குணம். தொடாதே என்று நாம் அதட்டுகிறோம். தொட்டுப் படிக்கட்டும் என்றார் ஒரு பெண்மணி. அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870-ம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் டாக்டராவது அபூர்வமான காலம் அது.

1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அங்கே சிறிதும் பெரிதுமான மர உருளைகளைக் குழந்தைகள் குழிகளில் பொருத்தினார்கள். ஒன்று இடம் மாறினால் கடைசி உருளை குழியில் சேராது. யாரும் சொல்லாமலே குழந்தை தன் தவறைத் திருத்திக்கொள்ளும்.

1939-ல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டு, பிரிட்டனை எதிர்த்து இத்தாலி போரில் குதித்தது. தாயும் மகனும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகனைச் சர்க்கார் காவலில் வைத்தது. அம்மையாரின் 70-வது பிறந்த நாளையொட்டித்தான் விடுதலை செய்தது. அதன் பிறகும் இஷ்டம்போல் வெளியூர் போக முடியாது.

அம்மையார் மனம் தளரவில்லை. 1942 முதல் 2 ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். நாடுகள் சண்டையிட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், பல நாட்டுக் குழந்தைகள் அங்கே அவரிடம் ஒன்றாகப் படித்தார்கள். மலைதான் வகுப்பு, செடியும் பூச்சியும் கல்லும்தான் பாடம். மண், மரம், மிருகம், மனிதன் எல்லாம் ஒன்றை ஒன்று நம்பி வாழ்வதைக் குழந்தைகள் நேரில் கண்டறிந்தார்கள்.

1952-ல் ஹாலந்தில் அம்மையார் காலமானார்.

உங்கள் வீட்டுக் குழந்தை ஓர் இலையைப் பறித்துக்கொண்டு வந்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.