நாட்டுப்புறப் பாட்டும் திரைச்சந்தையும்: உடுமலை நாராயணகவி

கொங்கு நாட்டில் பாட்டு, தொழிலினின்றும் வழிபாட்டினின்றும் பிரிக்க இயலாததாய் வளர்ந்தது. அமராவதி நீர் பாயும் கொமரலிங்கத்து வயல்களில் நடவுப் பாட்டு, மணப்பந்தலில் மங்கல வாழ்த்து, கோயில் முன்றிலில் கும்மி, இரவெல்லாம் உடுக்கை முழங்கப் பாடப்பெறும் அண்ணன்மார் கதை என அது மக்கள் வாழ்வோடு ஒன்றியிருந்தது. பாடுவோர் சிலர்க்குக் கூலியாக நெல்லோ துணியோ கிடைத்ததுண்டு. ஆயினும் பாட்டு எவர்க்கும் தனியுடைமை ஆனதில்லை. அப்பாட்டு விலைப்பண்டமாக மாறிய காலத்தில், அம்மாற்றத்தின் நடுவே நின்று எழுதியவர் உடுமலை நாராயணகவி.

உடுமலைப்பேட்டையை அடுத்த பூளவாடியில் 25.9.1899 அன்று கிருஷ்ணசாமி, முத்தம்மாள் இணையர்க்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் நாராயணசாமி. இளமையிலேயே பெற்றோரை இழந்தமையால் பள்ளிக் கல்வி இடையில் நின்றது. தீப்பெட்டி விற்று வயிறு வளர்த்த அச்சிறுவனுக்குக் கும்மி, சிலம்பம் முதலிய ஊர்க்கலைகளே பாடசாலையாயின. அவரது கலைத்திறங் கண்ட உடுமலை முத்துசாமிக் கவிராயர் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். நாடகமேடை அவருக்குப் பாட்டியற்றும் பயிற்சியைத் தந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் தேசியப் பாடல்களை இயற்றி மேடைகளில் பாடினார்.

பின்னர் இசைத்தட்டுக்குப் பாட்டெழுதும் வாய்ப்பு வந்தது. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். ஆடுவோர் கால் ஓயும்வரை நீளும் கும்மிக்கு அது மிகக் குறுகிய எல்லை. கூட்டத்தார் வாங்கிப் பாடும் பகுதியும், பாடுவோர் இடையிடையே தாமாகச் சேர்க்கும் சொல்லும் தட்டில் அடங்கா. 1930களில் இயக்குநர் ஏ. நாராயணன் வாயிலாகத் திரைத்துறை புகுந்தபோது கட்டுப்பாடு இன்னும் மிகுந்தது. கதை ஒருவருடையது, மெட்டு மற்றொருவருடையது, முதல் வேறொருவருடையது. புகழ்பெற்ற இந்தி மெட்டுக்குத் தமிழ்ச்சொல் பொருத்தக் கேட்பதும் அக்காலத் திரையுலக வழக்கங்களுள் ஒன்று.

அச்சந்தையை அவர் வெறுத்து ஒதுங்கவில்லை. புராணப் படத்திற்கும் எழுதினார். காதல் தோல்வியைப் பாடும் தேவதாஸ் (1953) படத்திற்கும் எழுதினார். கேட்போர் விரும்பியதை எழுதிக் கொடுத்த தொழில்முறைக் கவிஞரே அவர் என்று குறைகூற இடமுண்டு. அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் தீப்பெட்டி விற்றுப் பசியாறிய ஒருவர்க்கு, பாட்டு விற்றல் இழிவாகத் தோன்ற வேண்டுவதில்லை. எதை விற்றார் என்பதைவிட எதை விடாது காத்தார் என்று காண்பதே முறை.

அவர் காத்தது பேச்சுமொழியின் எளிமையும், உழைப்போர் சார்பான பார்வையும் ஆகும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனோடு கொண்ட நட்பு இவற்றிற்கு வழி திறந்தது. நல்லதம்பி (1949) படத்தில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம் இதற்குத் தக்க சான்றாகும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அடியொற்றிய அப்படைப்பில், தில்லைத் தரிசனம் வேண்டிய நந்தனுக்கு மாறாகக் கல்வியை வேண்டுகிறான் கிந்தன். பழகிய வடிவமாதலின் மக்கள் அயலென்று ஒதுக்காமல் கேட்டனர். கேட்டு முடித்தபோது சாதிக் கொடுமை குறித்துச் சிந்தித்தனர். வேலைக்காரி (1949), பராசக்தி (1952) ஆகிய படங்களுக்கும் பாடல் எழுதினார். பராசக்தியில் காக்கையின் கூடியுண்ணும் இயல்பைக் காட்டி மனிதரின் தன்னலத்தை இடித்துரைத்த பாட்டு, குழந்தையும் பாடத்தக்க எளிமையுடையது. பகுத்தறிவுக் கவிராயர் என மக்கள் அவரைப் போற்றினர். கலைமாமணி விருதும் பெற்றார். 23.5.1981 அன்று மறைந்தார். 2008இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது. உடுமலையில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு.

திரைப்பாட்டால் நாட்டுப்பாட்டு அழிந்தது என்று கூறுவோர் உளர். நடவுக்குச் சென்ற கால்கள் பின்னலாடை ஆலைகளுக்குச் செல்லத் தொடங்கியபின் நடவுப் பாட்டுக்குக் களமே குறைந்தது என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். இன்று வள்ளிகும்மி ஒலிபெருக்கியோடும் ஒருநிறச் சேலைகளோடும் மேடையேறுகிறது. அங்கும் அதே வினா எழுகிறது: பாடுவோர் தம் வாழ்வைப் பாடுகின்றனரா, பார்ப்போர் விருப்பத்தைப் பாடுகின்றனரா? நாராயணகவி இரண்டையும் ஒருங்கே செய்ய முயன்றார்; எல்லா இடத்தும் வென்றார் என்பதற்கில்லை. ஆயினும் அவருடைய காக்கைப் பாட்டை இன்றும் முணுமுணுப்போர் பலர் அதனை யாத்தவர் பெயரை அறியார். சந்தைக்குச் சென்ற பாட்டொன்று, பெயரிழந்து, நாட்டுப்பாட்டைப் போலவே மக்கள் உடைமையாய் ஊர் திரும்பியுள்ளது.