அசோகர் தம்மோடு ஆற்றிய போர்

மூணாற்றை அடுத்த சித்திரபுரத்தில் தேயிலைத் தோட்டத் தொழில் புரியும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் தம் ஐயம் ஒன்றை வெளியிட்டார். அவர் பஞ்சசீலம் ஏற்றுச் சில ஆண்டுகளே ஆயின. ஐந்தாம் சீலத்தைச் சம்பள நாளில் இருமுறை தவறவிட்டதாகவும், இனித் திரிசரணம் ஓதத் தமக்குத் தகுதியுண்டோ என நாணுவதாகவும் கூறினார். லயத்தில் அண்டை வீட்டார் குடியைக் குறையென்றே கருதாது களித்திருக்க, தாம் மட்டும் தவறுவதும் வருந்துவதுமாக இரண்டுங்கெட்ட நிலையில் நிற்பதாக அவர் எண்ணம். அவருக்கு நாம் அசோகச் சக்கரவர்த்தியின் வரலாற்றையே விடையாகக் கூறினோம்.

அசோகரைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். கலிங்கப் போர்க்களத்தைக் கண்டார், வாளை எறிந்தார், அன்றே தருமவான் ஆனார் என்பர். நாடகத்திற்கு இது பொருந்தும். தொண்ணூற்றொன்பது சகோதரரைக் கொன்றவர் என இலங்கை நூல்கள் கூறுவதும் அத்தகையதே. அவர் காலத்துச் சாசனமோ உடன்பிறந்தார் வாழும் இல்லங்களைக் குறிப்பிடுகிறது. நமக்கு நூற்கதைகள் வேண்டா. அவரே பொறிப்பித்த கற்கள் உள்ளன. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்துக்களைப் படித்தறிந்தது முதல் அவற்றின் பொருள் உலகறிந்தது.

முடிசூடி எட்டாண்டு கழிந்தபோது, ஏறத்தாழ கி.மு. 261-இல், அவர் கலிங்கத்தை வென்றார். களத்தில் மாண்டவர் 1,00,000 பேர், நாடு கடத்தப்பட்டவர் 1,50,000 பேர், வேறு வகையால் மடிந்தவர் அதனினும் பன்மடங்கு என்று பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கணக்குக் கூறுகிறது. வெற்றியைப் பாடிய அரசர் பலர். தம் வெற்றியில் மடிந்தோரை எண்ணி, அது தமக்குத் துயர் தருவதாகக் கல்லில் எழுதுவித்த அரசர் வேறெவரையும் நாம் அறியோம். எனினும் அதே சாசனத்தில், மனம் வருந்தினாலும் தம் வலிமை குன்றவில்லை என்று காட்டுவாழ் குடிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் உள்ளது. கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் இச்சாசனம் பொறிக்கப்படவில்லை; அங்கு வேறு கட்டளைகளே உள்ளன. துன்புற்றவர் கண்முன் அதனை வைக்க அவர் கூசினாரோ, அரசியல் கருதி விலக்கினாரோ, அன்பர்களே சிந்திக்க.

போர் முடிந்ததும் அவர் உள்ளம் முழுதும் மாறிவிட்டதா? கர்நாடகத்துப் பிரம்மகிரியில் உள்ள சிறு பாறைச் சாசனம் வேறு செய்தி தருகிறது. தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயின என்றும், அவற்றுள் ஓராண்டு போதிய முயற்சியின்றிக் கழிந்தது என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே ஊக்கத்தோடு முயன்றதாகவும் சக்கரவர்த்தி அதில் ஒப்புக்கொள்கிறார். பாரதம் பெரும்பாலும் தம் ஆணைக்கு அடங்கியிருந்த காலத்தில், தாம் சோம்பிய ஓராண்டை மறைக்காது எழுதுவித்தார்! நம் சங்கக் கூட்டங்களில் ஒரு மாதம் வாராதிருந்ததற்கே நாம் எத்தனை காரணம் கற்பிக்கிறோம்!

அவருடைய அடுக்களைச் செய்தியே நம்மை மிகவும் கவர்வது. முன்பு அரச மடைப்பள்ளியில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன என்று முதலாம் பாறைச் சாசனம் கூறுகிறது. சாசனம் எழுதிய காலத்தில் அது மூன்று உயிர்களாகக் குறைந்திருந்தது: இரு மயில்கள், ஒரு மான், மானும் நாள்தோறும் அன்று. இம்மூன்றும் இனிக் கொல்லப்படா என்று அது முடிகிறது. கொலை அறவே ஒழிந்தது என்று பொறித்திருந்தால் யார் மறுத்திருப்பர்? எஞ்சிய மயில்களை அவர் மறைக்கவுமில்லை, அவை அரச உரிமை என்று வாதாடவுமில்லை. பாவத்தைப் பேணுபவன் மயிலுக்கு நியாயம் தேடுவான். அதனோடு போரிடுபவன் எஞ்சியதை எண்ணிக் கணக்கில் வைப்பான். இவ்வேறுபாட்டையே சித்திரபுரத்து அன்பருக்கு நாம் சுட்டினோம். எழுந்த தீமையை நீக்கலும் எழாத தீமையைத் தடுத்தலும் நல்முயற்சி எனப் புத்த பகவான் வகுத்ததும் இதற்காகவே. தீமையே எழாதவனுக்கு அம்முயற்சி எதற்கு?

போர் அத்துடன் ஓயவில்லை. முடிசூடி இருபத்தாறு ஆண்டு ஆன பின்னர் எழுதுவித்த தூண் சாசனங்களில், மனிதன் தன் நற்செயலையே காண்கிறான், தீச்செயலைக் காண்பதில்லை, அதைக் காண்பது அரிது என்கிறார். கடுமை, கொடுமை, சினம், செருக்கு, பொறாமை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே எண்ணுகிறார். அவ்விருபத்தாறு ஆண்டுகளில் இருபத்தைந்து முறை சிறையாளரை விடுவித்தார். ஆயினும் மரண தண்டனையை ஒழித்தாரில்லை. தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் அவகாசமே அளித்தார். இதனைக் குறையென்றே நாம் கருதுகிறோம்.

இராஜஸ்தானத்து வைராடத்தில் கிடைத்த கல்லொன்றில், பிக்குகளும் உபாசகரும் அடிக்கடி கேட்கவேண்டிய ஏழு தம்மப் பகுதிகளை அவர் குறித்துள்ளார். அவற்றுள் ஒன்று, பொய்யைப் பற்றி இளம் ராகுலனுக்குப் பகவான் அருளிய போதனை. முகம் பார்க்கும் கண்ணாடி போல, செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்த பின்னும் செயலை நோக்குக என்பதும், தவறெனக் கண்டால் அறிந்தோரிடம் வெளிப்படுத்தி இனி அடங்குக என்பதும் அதன் சாரம். சிறுவனுக்குச் சொன்ன அப்பாடத்தை முடியரசர் தேர்ந்தெடுத்தார். அக்கல் இன்று கொல்கத்தா ஆசியக் கழகத்தில் உள்ளது. சித்திரபுரத்து அன்பர் அப்போதனையைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டுள்ளார். வரும் பௌர்ணமிக்கு முன் அனுப்ப இருக்கிறோம்.