குழந்தைகளுக்குத் தோட்டம் தந்தவர்

'கிண்டர்கார்டன்' என்னும் சொல்லை அறியாதவர் நம்முள் எவரும் இலர். ஜெர்மன் மொழியில் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள். அப்பெயரைச் சூட்டிய பிரெடரிக் புரோபெல் அதை வெறும் உவமையாக மட்டும் கருதவில்லை. மண்ணும் செடியும் நிறைந்த மெய்யான தோட்டம் ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும் என்பதே அவரது உறுதியான கொள்கை.

1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியைச் சேர்ந்த ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரில், ஒரு போதகரின் மகனாகப் புரோபெல் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே அன்னையை இழந்தார். தந்தைக்கோ திருச்சபைப் பணிகள் ஏராளம். சிற்றன்னையின் அன்பும் நீடிக்கவில்லை. தனித்து விடப்பட்ட அச்சிறுவனுக்கு வீட்டுத் தோட்டமே தோழனாயிற்று. பதினைந்தாம் வயதில், அதாவது இன்று நமக்குள்ள வயதில், வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். காட்டில் கழித்த இரண்டு ஆண்டுகளில் மரம் செடிகளைத் தாமே கூர்ந்து நோக்கிக் கற்றார்.

1805இல் பிராங்பர்ட் நகரில் ஆசிரியரானார். பின்பு சுவிட்சர்லாந்து சென்று, கல்வியாளர் பெஸ்டலாசியிடம் இரண்டு ஆண்டுகள் தங்கிப் பயின்றார். 1816இல் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கி, மறு ஆண்டு அதைக் கைல்ஹவ் என்னும் சிற்றூருக்கு மாற்றினார். அங்கே மாணவர்கள் தோட்ட வேலை செய்தனர். மலைகளில் நடந்து திரிந்தும் பாடம் கற்றனர்.

1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். பந்துகளும் மரக்கட்டைகளும் அங்கே பாடப் பொருள்களாயின. அவற்றினும் சிறந்தது அவர் வகுத்த தோட்ட முறையாகும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி. அதில் தான் விரும்பியதை நடலாம். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடிவிடும். கடமை தவறியதை உணர்த்த ஆசிரியர் கடிந்துரைக்கத் தேவையில்லை. இப்பாத்திகளைச் சூழ்ந்து பொதுப் பாத்திகள் இருந்தன. அவற்றில் பூக்களும் காய்கறிகளும் தானியங்களும் வளர்ந்தன. அவற்றை எல்லாரும் சேர்ந்து பேணினர். சமுதாயத்தின் நடுவே தனி மனிதன் வாழ்கிறான் என்னும் பெரிய பாடத்தைச் சின்னஞ்சிறு கைகள் மண்ணிலே கற்றன.

இத்தகைய தோட்டத்துக்கும் பகை வந்தது. புரோபெலின் சகோதரர் மகன் கார்ல் புரோபெல் என்பவரின் கருத்துகளை இவருடையவை என்று பிரஷ்ய அரசு தவறாக எண்ணியது. மதத்துக்கு மாறான கொள்கைகள் குழந்தைகளுக்குப் புகட்டப்படுவதாகக் குற்றம் சாட்டி, 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. முதியவர் எடுத்துரைத்த விளக்கங்கள் ஏற்கப்படவில்லை. தடை நீங்குவதைக் காணாமலேயே 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் அவர் கண் மூடினார்.

ஆனால் விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது. பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவிப்பதில் அவர் பெரிதும் முனைந்திருந்தார். அவரது முறையைக் கற்றறிந்த மார்கரேத்தே ஷூர்ஸ் என்னும் பெண்மணி, 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனில் ஒரு கிண்டர்கார்டனைத் தொடங்கினார். 1860இல் பிரஷ்யாவிலும் தடை நீக்கப்பட்டது.

அன்புத் தோழியரே! இன்று தெருவுக்குத் தெரு அப்பெயரைப் பலகையில் காண்கிறோம். ஆனால் பல இடங்களில் சிமெண்டுத் தரைதான் இருக்கிறது. செடிகள் இருந்தாலும் அவற்றைத் தொடக் கூடாது என்கிறார்கள். பார்ப்பதற்கு மட்டும் உள்ள தோட்டம் அழகு தரும், பாடம் தராது. மைதானத்தின் ஓரத்தில் வகுப்புக்கு ஒரு பாத்தி ஒதுக்கினால் போதும். நாமே விதைத்து, நாமே நீரூற்றி, நமக்குப் பின் வரும் தங்கையரிடம் அதை ஒப்படைத்துச் செல்வோம். குழந்தைகளுக்காக வாழ்ந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு