கூந்தல் முடித்த கை

கூந்தலின் அழகைப் பாடிய புலவர் பலரை யான் அறிவேன். அதனை முடித்த கைக்குரியார் ஒருவரின் பெயரையேனும் அறியேன். தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது நெடுநாட் குறை. ஆதலின், ஹொலிவூட் முடியொப்பனையாளருள் முதன்முதலாகத் தம் பெயரைத் திரையில் தொடர்ந்து பொறிக்கப்பெற்ற சிட்னி கிலாரொவ் என்பாரின் வாழ்க்கை என் நெஞ்சைக் கவர்ந்தது.

அவர் 1907ஆம் ஆண்டு லண்டனிற் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். இளமையிலேயே வேலை தேடி நியூயோர்க் நகரை அடைந்தார். அழகுநிலையமொன்றில் ஏவலாளராய் அமர்ந்து, பிறர் தொழிலைக் கண்டு கற்றுத் தேர்ந்தார். நடிகை ஜோன் குரோபோர்ட் தம் படங்களுக்கு முன் அவரையே நாடி வந்து முடியொப்பனை செய்வித்துக்கொண்டார். அத்தொடர்பினால், 1930களின் நடுப்பகுதியில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது.

முடியொப்பனை வெறும் அழகுக்காக அன்று. கதை நிகழுங் காலம், பாத்திரத்தின் வயது, வாழ்க்கைநிலை ஆகியவற்றை வாய்ச்சொல்லுக்கு முன்னரே அஃது உணர்த்துகின்றது. 1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஒப் ஓஸ்’ படத்திலே, பதினாறு வயதினராகிய ஜூடி கார்லண்டைச் சிறுமியாகக் காட்டியதில் இரட்டைப் பின்னலுக்குப் பெரும் பங்குண்டு. அப்பின்னலும், லூசில் போலின் செந்நிறக் கூந்தலும் கிலாரொவின் கைவண்ணமே. மேலும், ஒரு காட்சியைப் பல நாள் பிரித்துப் படமாக்குங்கால், ஒரு கற்றையும் இடம் பெயராது காத்தல் வேண்டும்.

மாலையிற் கலையும் முடிக்குப் பெயர் எதற்கு என்பார் உளர். சிற்பியின் படைப்புச் சிற்பிக்குப் பின்னும் நின்று அவன் புகழ் பேசும். அன்றாடங் கலையும் தொழிலுக்கு அப்பேறு இல்லை. ஆதலின் அதனைச் செய்தார்க்கே பெயர் பெரிதும் வேண்டும் என்பேன்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. அக்காலத்துப் படநிறுவனங்களில் துறைத்தலைவர் பெயரைப் பொறித்தலே வழக்கு. அப்பெயரின் பின்னே, சீப்பும் ஊசியுமாக நின்று உழைத்த பெண்டிர் பலர் பெயரின்றி மறைந்தனர்.

ஒப்பனைக்கென ஆண்டுதோறும் வழங்கும் ஒஸ்கார் விருது 1981ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடங்கியது. முடியொப்பனை என்னுஞ் சொல் அதன் பெயரிற் சேர்ந்தது 2012இலேயாம். கிலாரொவ் 1997இல் மறைந்தார். ஒருவர்க்குத் திறந்த கதவு அவருக்குத் துணைநின்ற அனைவர்க்கும் திறத்தலே முறையாகும்.